பூவுக்குக் கொடுத்த விலை

மழையை அருள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வானம் பார்த்த பூமியாகிய இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கப்பலேறியவர்களின் பிள்ளைகளுக்கு அதனைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், மழை பெய்யாதிருப்பதும் சில நாள்களில் அருளே என்பதைப் பினாங்குத் தீவின் டுரியான் தோப்பொன்றில்தான் அறிந்துகொண்டோம். அவ்வறிவுக்கு எம் தந்தையார் கொடுத்த விலை சிறிதன்று.

அத்தா அவர்கள் ஜார்ஜ் டவுனில் சிறு பழக்கடை வைத்திருந்தார்கள். பருவம் வந்தால் மலைக்கு அப்பாலுள்ள பாலிக் புலாவிலிருந்து டுரியான் வந்து இறங்கும். முள்நாறி என்று தமிழில் பெயர் சூட்டியபோதிலும் அப்பழத்தை நாடுவோர் தொகை குறைந்ததில்லை. எமக்குப் பன்னிரண்டு வயது நடந்த ஆண்டில், மலாய்ப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்து, தம் தோப்பில் மரமெல்லாம் மொட்டு என்றார். மறுநாள் எம்மையும் அழைத்துக்கொண்டு அத்தா சென்றார்கள். பெருங்கிளைகளின் அடிப்புறமெங்கும் கொத்துக் கொத்தாக மொட்டுகள் தொங்கின. அவ்விடத்திலேயே விலை பேசி, அவ்வாண்டின் விளைவு முழுவதற்கும் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். எம் தமக்கையின் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம் அது.

டுரியான் வெப்பமும் ஈரமும் விரும்பும் மரம். 24 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழையும் அதற்கு உகந்தவை. நீர் வேண்டுமேயன்றி அது வேரில் தேங்குதல் ஆகாது. தேங்கினால் வேரழுகல் நோய் மரத்தையே வீழ்த்திவிடும். ஆதலால்தான் பாலிக் புலாவின் மலைச்சரிவுகள் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. ஆனால் இத்தனை மழை கேட்கும் அம்மரம், பூப்பதற்கு மட்டும் மழையற்ற நாள்களைக் கேட்கிறது. ஏறத்தாழ 7 முதல் 14 நாள்கள் வானம் தொடர்ந்து வறண்டிருந்தால் கிளைகளில் மொட்டுகள் புள்ளிகளாக அரும்பும். அவ்விடைவெளி வாய்க்காவிடின் மரம் இலை தழைத்து நிற்குமேயன்றிப் பூப்பதில்லை. பினாங்கில் அவ்வறட்சி பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே வரும். மொட்டு விரிய ஒரு மாதத்துக்கு மேலாகும். பூ கனியாக மூன்று, நான்கு மாதங்கள் செல்லும். ஜூன், ஜூலையில் கடைத்தெரு மணப்பது இக்கணக்கினால்தான்.

பூவின் வாழ்வோ ஓர் இரவு. மாலையில் இதழ் விரிக்கும். இருள் சூழும் வேளையில் மகரந்தம் வெளிப்படும். விடியுமுன் இதழ்களும் கேசரங்களும் தரையில் கிடக்கும். அவ்விடைப்பட்ட நேரத்தில் தேனுண்ண வரும் வௌவால்களே ஒரு மரத்தின் மகரந்தத்தை மறுமரத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. பல டுரியான் வகைகள் தம் மகரந்தத்தால் தாமே சூல்கொள்வது அரிது. அயல் மரத்தின் துணை வேண்டும்.

அத்தா பணம் கொடுத்த ஆண்டில், பூ விரிந்த இரவுகளிலெல்லாம் மழை கொட்டிற்று. காலையில் சென்று பார்த்தபோது மரத்தடியில் வெள்ளைப் பாய் விரித்தாற்போலப் பூக்கள் நனைந்து கிடந்தன. தப்பிய சில பிஞ்சுகளும் நிலைக்கவில்லை. மழை விடாதிருக்கவே மரம் புதுத்தளிர் விட்டது. தளிருக்குச் சென்ற சத்து பிஞ்சுக்குக் கிட்டாமற்போக, அவை உதிர்ந்தன. ஜூலையில் அத்தோப்பிலிருந்து கடைக்கு வந்தவை சில கூடைகளே. அத்தா வாய்திறந்து எவரையும் குறை கூறவில்லை. தமக்கையின் திருமணம் தள்ளிப்போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அம்மலாய்ப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பொதி இருந்தது. தம் ஊர் மார்க்க ஆசிரியரிடம் இதனைப் பற்றிக் கேட்டதாகவும், கனி பயன்தரும் நிலையை அடைவது தெளிவாகுமுன் அதனை மரத்தில் விட்டுவைக்கும் ஏற்பாட்டில் விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று அவர் எடுத்துரைத்ததாகவும் சொன்னார். பழம் கொடாமல் பணத்தை வைத்துக்கொள்ளத் தம்மால் இயலாதென்று பொதியை அத்தாவின் முன் வைத்தார். அதில் பாதிப் பணம் இருந்தது. மீதியை அடுத்த பருவத்தில் பழமாகத் தருவதாகச் சொன்னார், அவ்வாறே தந்தார்.

“அறியாமல் விற்றவர் அவர், அறியாமல் வாங்கியவன் நான். பிழை இருவருக்கும் உரியது” என்று அத்தா அன்றிரவு எம்மிடம் சொன்னார்கள். பேரீச்சந் தோப்புகளின் நாட்டில் பிறந்த அத்தடையின் காரணம் எமக்கு விளங்கியது டுரியான் மரத்தடியில்தான். பூவுக்கும் பழத்துக்கும் நடுவே வறட்சியும் மழையும் வௌவாலும் காற்றும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் மனிதன் கைக்குள் இல்லை. கைக்குள் இல்லாததை விற்பவனும் வாங்குபவனும் ஒருவர் பொருளை மற்றவர் உரிமையின்றி உண்ணும் நிலைக்கு ஆளாகின்றனர்.

இந்நாளில் அவ்வச்சம் மிகுந்திருக்கிறதேயன்றிக் குறையவில்லை. வறண்ட நாள்கள் தம் மாதத்தை மறந்து வருகின்றன. வறட்சி நீண்டாலும் கேடுதான்; நீரின்றிப் பிஞ்சு உதிரும். 2024இல் தாய்லாந்தின் சந்தபுரிப் பகுதித் தோப்புகள் கடும் வெப்பத்தாலும் நீர்ப்பஞ்சத்தாலும் இன்னலுற்றன. வௌவால்களின் நிலையும் கவலைக்குரியதே. பத்துமலைக் குகை வௌவால்களை 1970களில் ஆராய்ந்தோர், அவை கடலோர அலையாத்திக் காட்டுப் பூக்களையும் நாடிச் செல்வதைக் கண்டனர். சுண்ணாம்புக் குன்றை உடைப்பவரும் அலையாத்தியை வெட்டுபவரும் தொலைவிலுள்ள டுரியான் தோப்பில் கைவைக்கின்றனர் என்பது இதனால் பெறப்படும். பூவைத் தின்று கெடுப்பவை என்று பழிக்கப்பட்ட பெரிய பழந்தின்னி வௌவால்களும் மகரந்தம் சேர்ப்பவையே என்பதைத் தியோமான் தீவில் ஷீமா அப்துல் அஸீஸ் குழுவினர் நிகழ்த்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

எம் தம்பியின் மகன் இப்போது பாலிக் புலாவில் சிறு தோப்பொன்றைப் பார்த்து வருகிறான். வௌவால்களை விரட்ட வலை கட்டலாமா என்று ஒருமுறை கேட்டான், வேண்டாமென்றோம். சென்ற பருவத்தில் மரங்கள் மொட்டு விட்டதும் வணிகர் ஒருவர் முன்பணத்துடன் வந்தார். தொகை பெரிது, அவனுக்கோ கடன் இருந்தது. “என்ன செய்யட்டும், பெரியத்தா?” என்று கேட்டான். நாம் அத்தாவின் கதையைச் சொன்னோம்; முடிவை அவனிடமே விட்டோம்.

எதிர்பாராமல் வரும் செல்வத்தை ‘விழுந்த டுரியான்’ என்பது மலாய் வழக்கு. அந்நாட்டில் டுரியானைப் பறிப்பதில்லை. பழுத்துத் தானே விழக் காத்திருப்பர். தம்பி மகன் வணிகரை அமரச் செய்து, தேநீர் கொடுத்து, பணத்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னானாம்:

“முதல் பழம் விழட்டும், பிறகு வாருங்கள், விலை பேசுவோம்.”