பட்டா இல்லாத வேடங்கள்

அனிதா என்கிற வேடத்துக்கு இதுவரை இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்திருக்கின்றன. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1961-இல் படமானபோது ரீட்டா மொரேனோ வாங்கினார். 2021-இல் ஸ்பீல்பெர்க் அதையே மறுபடி எடுத்தபோது அரியானா டிபோஸ் வாங்கினார். ஆனால் அந்த வேடத்தை முதன்முதலில் மேடையில் கட்டி, அதற்கு நடையும் திமிரும் கொடுத்தவர் சீட்டா ரிவேரா. அவருக்கு அந்த வேடத்துக்காக, மேடை நாடகங்களுக்குத் தரும் டோனி விருதின் பரிந்துரைகூட வரவில்லை.

நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயைப் படங்கள் வழியாக மட்டுமே அறிந்த என் போன்றவர்களுக்கு அனிதா என்றால் மொரேனோவின் முகம்தான் நினைவுக்கு வரும். பெரும்பாலான உலகத்துக்கும் அப்படித்தான். சினிமா ஒரு முகத்தைப் பதித்துவிட்டால் அதற்கு முன்னால் இருந்த முகம் கதையிலிருந்தே போய்விடுகிறது. சீட்டா ரிவேராவின் வாழ்க்கையில் இது ஒருமுறை நடந்திருந்தால் துரதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்திருக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தது. அப்படியும் 82 வயதில் மேடையில் ஆடினார். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குள் வளர்ந்த கேள்வி இதுதான்: ஒரு வேடம் யாருக்குச் சொந்தம்?

1933-இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். டோலொரெஸ் கொன்சிட்டா என்று தொடங்கி நீளும் பெயர். தந்தை புவெர்த்தோ ரீக்கோக்காரர், அமெரிக்கக் கடற்படை இசைக்குழுவில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்தவர். மகளுக்கு ஏழு வயதாகும்போது அவர் இறந்துபோனார். தாய் பென்டகனில் வேலைக்குச் சேர்ந்து பிள்ளைகளை வளர்த்தார். வீட்டில் ஓயாமல் குதித்துக்கொண்டிருந்த பெண் ஒருநாள் கூடத்து மேசையை உடைத்துவிட்டாள். எந்த வீட்டிலும் அதற்கு முதுகில் இரண்டு விழும். இந்தத் தாய் அவளைப் பாலே பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோன்ஸ்-ஹேவுட் பாலே பள்ளி, டோரிஸ் ஜோன்ஸ், கிளேர் ஹேவுட் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 1941-இல் தொடங்கியது. வெள்ளைக்காரப் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. சேர்த்துக்கொள்ளாத இடத்தின் வாசலில் நின்று முறையிட்டுக்கொண்டிருக்காமல் தங்களுக்கென ஒரு தளம் போட்டவர்களிடம்தான் சீட்டா கால் வைக்கக் கற்றார். பின்னாளில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு இந்தப் பாடமும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து நியூயார்க்கில் பாலன்ஷீன் நடத்திய பாலே பள்ளிக்கு உதவித்தொகையோடு போனார். பாலே நடனக்காரியாகத்தான் ஆகியிருக்க வேண்டும். 'கால் மீ மேடம்' நாடகத்தின் வெளியூர்க் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு தோழி தேர்வுக்குப் புறப்பட, இவர் துணைக்குப் போனார். வேலை துணைக்குப் போனவருக்குக் கிடைத்தது. ஆக, முதல் வாய்ப்பே இன்னொருத்தி ஆசைப்பட்ட இடம். அதை மறந்துவிட்டு இவர் கதையை வெறும் இழப்புகளின் கதையாகச் சொல்ல முடியாது.

1953-இல் 'கேன்-கேன்' வந்தது. அதில் க்வென் வெர்டன் ஒரே இரவில் நட்சத்திரமானார். சீட்டா அந்த நாடகத்தின் ஆட்டக்குழுவில் ஒருத்தி. கூட்டத்தோடு நின்றுவிடாமல் உனக்கென்று வேடங்களைத் தேடிப் போ என்று அவரை ஊக்கியவர் வெர்டன்தான். நீளப் பெயரைச் சுருக்கிச் சீட்டா ரிவேரா ஆனதும் அந்தக் காலத்தில்தான். 1956-இல் சாமி டேவிஸ் ஜூனியரோடு 'மிஸ்டர் வொண்டர்ஃபுல்'. மறு ஆண்டு அனிதா.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு இசை லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். பாடல்கள் இருபத்தேழு வயது ஸ்டீஃபன் சோண்ட்ஹைம். இயக்கமும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ். வழக்கமாக நான்கு வாரத்தில் முடிகிற ஒத்திகைக்கு அவர் எட்டு வாரம் கேட்டு வாங்கினார். ரோமியோ-ஜூலியட் கதையை நியூயார்க் தெருச் சண்டையாக மாற்றிய நாடகம். வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு கும்பல், புவெர்த்தோ ரீக்கோப் பையன்கள் இன்னொரு கும்பல். ஒத்திகைக் காலத்தில் இரண்டு தரப்பும் ஒன்றோடொன்று பழகக் கூடாது என்று ராபின்ஸ் கட்டளை போட்டிருந்தார். பகை உடம்பில் ஊற வேண்டும் என்பது அவர் கணக்கு. சீட்டா எதிர்க்கும்பலில் ஆடிய டோனி மொர்டென்டேயைக் காதலித்து, நாடகம் அரங்கேறிய 1957-ஆம் ஆண்டிலேயே கல்யாணமும் செய்துகொண்டார். ராபின்ஸின் கட்டளை ஒரு வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகவில்லை.

பாலேயும் மாம்போவும் தெருப்பையன்களின் நடையும் கலந்த ஆட்டம் அது. நடிகர் தனி, பாடகர் தனி, ஆடுகிறவர் தனி என்ற பிரிவு அந்த மேடையில் எடுபடாது. பாட வேண்டும், அதே மூச்சில் ஆட வேண்டும், அதே உடம்பால் அழ வேண்டும். முதல் பாதியில் 'அமெரிக்கா' பாட்டில் பெண்களோடு கும்மாளமிடும் அனிதா, இரண்டாம் பாதியில் காதலனைப் பறிகொடுத்துவிட்டு, அவனைக் கொன்றவனையே நேசிக்கும் பெண்ணின் முன் நின்று பாடுகிறாள். அந்தப் பாட்டைப் பெர்ன்ஸ்டைனே பியானோவில் உட்கார்ந்து சீட்டாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1957-ஆம் ஆண்டு இசைத்தட்டில் அதைக் கேட்கலாம். அழகான குரல் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கரகரப்பு, நிறையக் கோபம். பாட்டு நிற்பது அந்தக் கரகரப்பில்தான்.

லண்டனில் நாடகம் போடத் திட்டமிட்டபோது சீட்டா கர்ப்பமாக இருந்தார். வேறொருத்தியைப் போட்டு நடத்தியிருக்கலாம். தயாரிப்பாளர்கள் குழந்தை பிறக்கும்வரை அரங்கேற்றத்தைத் தள்ளிப்போட்டார்கள். 1958 டிசம்பரில்தான் லண்டனில் திரை ஏறியது. ஒரு நகரமே காத்திருந்த அதே ஆளை ஹாலிவுட் மூன்றே ஆண்டில் வேண்டாம் என்றது.

படத்தில் மொரேனோ சோடை போனார் என்று யாரும் சொல்ல முடியாது. அவரும் புவெர்த்தோ ரீக்கோக்காரர், அவரும் ஆடத் தெரிந்தவர். ஆனால் சீட்டா பெர்ன்ஸ்டைன் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற அந்தப் பாட்டு இருக்கிறதே, படத்தில் அதைப் பாடியது மொரேனோவும் இல்லை, பெட்டி வாண்ட் என்ற பின்னணிப் பாடகி. மேடையில் ஒரே உடம்பில் இருந்தது திரையில் இரண்டு பேருக்குப் பங்கு பிரிந்தது.

1960-இல் 'பை பை பேர்டி'. டிக் வான் டைக்குக்கு ஜோடியாக ரோஸி வேடம். டோனி விருதுக்கு முதல் பரிந்துரை. 1963-இல் அது படமானபோது வான் டைக் தன் வேடத்தில் தொடர்ந்தார். ரோஸியாக ஜேனட் லீ வந்தார். ஜோடியில் ஒருவரைக் கூப்பிட்டு மற்றவரை விட்டுவிடுவது முழுதாகக் கைவிடுவதைவிடக் கொடுமை. 'ஸ்வீட் சாரிட்டி' படத்தில் சீட்டாவுக்கு இடம் கிடைத்தது, ஆனால் தோழி நிக்கியாக. நாயகி ஷெர்லி மெக்லைன். பிராட்வேயில் அந்த நாயகி வேடத்தை உருவாக்கியவர் வேறு யாருமில்லை, க்வென் வெர்டன். அவரும் தன் வேடத்தை இழந்தார், இழந்த பிறகு அதே படத்தின் நடன வேலைகளுக்கு உதவியும் செய்தார். படத்தை இயக்கியவர் அவர் கணவர் பாப் ஃபாஸி.

மேடை வேடம் பட்டா நிலம் இல்லை, குத்தகை. உழுகிறவரைக்கும்தான் உன்னுடையது. கல்லைப் பொறுக்கி, வரப்புப் போட்டு, முதல் விளைச்சல் எடுத்தவன் ஒருவன், அறுவடைக்கு வந்து நிற்பவன் இன்னொருவன். இதைச் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் பிராட்வேக்காரர்களுக்கு இது தொழிலின் இயல்பு. வாரத்துக்கு எட்டு ஆட்டம். உடம்புக்கு முடியாவிட்டால் அதே வேடத்தை மாற்று ஆள் ஆடுவார். ஒப்பந்தம் முடிந்தால் புது ஆள் வருவார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் முதல் ஓட்டம் மட்டும் 732 காட்சிகள். நேற்றைய அனிதா இன்றைக்குச் செல்லாது. இன்று மாலை மறுபடி முதலிலிருந்து. படத்தில் ஒருநாள் சரியாக அமைந்துவிட்டால் காலத்துக்கும் போதும். மேடையில் ஒருநாள் சரியாக அமைந்தது மறுநாளுக்கு உதவாது. சீட்டா வேடங்களைச் சேர்த்துவைக்கவில்லை, இந்த அன்றாடத்தைத்தான் சேர்த்துவைத்தார் என்று நினைக்கிறேன்.

1975-இல் 'சிகாகோ'. ஜான் கேண்டர் இசை, ஃப்ரெட் எப் பாடல்கள், ஃபாஸி இயக்கம். கொலை செய்துவிட்டுச் சிறையிலிருந்தபடியே புகழ் தேடும் இரண்டு பெண்களின் கதை. ராக்ஸியாக ஐம்பது வயது வெர்டன், வெல்மாவாக நாற்பத்திரண்டு வயது சீட்டா. ஆட்டக்குழுவிலிருந்து வெளியே போகச் சொன்னவரும் போனவரும் இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரே மேடையில், சமமாக. ஒத்திகைக் காலத்தில் ஃபாஸிக்கு மாரடைப்பு வந்து எல்லாம் தள்ளிப்போனது. அரங்கேறிய சில வாரங்களில் வெர்டனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை, அந்த இடைவெளியில் லைசா மினெல்லி வந்து ராக்ஸியாக ஆடினார். சீட்டா மட்டும் வெல்மாவாக அப்படியே நின்றார். கடைசி நடனத்தை வெர்டனும் சீட்டாவும் தொலைக்காட்சிக்காக ஆடிய பதிவு ஒன்று உண்டு. ஒரே அடவு, ஒரே கணம், ஆனால் இரண்டு மொழி. வெர்டன் தோளை அசைத்தால் நம்மிடம் ரகசியம் சொல்வதுபோல இருக்கும். சீட்டா அசைத்தால் சவால் விடுவதுபோல இருக்கும். ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கவில்லை என்பதுதான் அதில் ஆச்சரியம். மறு ஆண்டு டோனியில் 'சிகாகோ'வுக்குப் பதினொரு பரிந்துரைகள், ஒரு விருதுமில்லை. 'எ கோரஸ் லைன்' அள்ளிக்கொண்டு போனது. 2002-இல் படம் வந்தபோது வெல்மாவாக நடித்த கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ் ஆஸ்கர் வாங்கினார். அதே படத்தில் சிறைக்குள் சில நொடிகள் ஒரு கைதியாகத் தலைகாட்டிப் போகிறார் சீட்டா. கூப்பிட்டார்கள், போனார்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே ஏற்றார் என்று எழுதிவிடுவது சுலபம். 2023-இல் வந்த தன்வரலாற்றில் அவரே அதற்கு இடம் தரவில்லை. தனக்குள் சீட்டாவோடு டோலொரெஸ் என்ற இன்னொருத்தியும் இருப்பதாகச் சொல்கிறார். வெடுக்கென்று பேசுபவள், முன்கோபக்காரி. எனக்கு அந்த டோலொரெஸைப் பிடித்திருக்கிறது. காயமே படாத மனிதர்களின் பெருந்தன்மையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

1984-இல் 'தி ரிங்க்' நாடகத்தில் மினெல்லிக்குத் தாயாக நடித்து முதல் டோனி வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து மன்ஹாட்டனில் கார் விபத்து. இடது கால் பன்னிரண்டு இடத்தில் முறிந்தது. வயது 53. எலும்பைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். எந்த நடனக்காரியும் அத்தோடு பாடகியாகவோ ஆசிரியையாகவோ மாறியிருப்பார். இவர் பழைய உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவில் ஆட ஆரம்பித்தார். மிச்சத்தைத் தோளும் கழுத்தும் கண்ணும் பார்த்துக்கொண்டன.

1993-இல் 'கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்' நாடகத்துக்காக அறுபது வயதில் இரண்டாவது டோனி. மனுவேல் புய்க்கின் நாவலிலிருந்து வந்தது அது. லத்தீன் அமெரிக்கச் சிறையொன்றில் சித்திரவதைக்கு நடுவே ஒரு கைதி தனக்குப் பிடித்த சினிமா நட்சத்திரத்தை நினைத்து நினைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்த நட்சத்திரம் ஔரோரா, சீட்டாவின் வேடம். சினிமா வாசலில் நிறுத்தப்பட்டவர் சினிமாவின் மொத்தக் கவர்ச்சியையும் மேடையில் நடித்துக் காட்டினார். 2025-இல் அந்த இசை நாடகமும் படமானது. ஔரோராவாக ஜெனிஃபர் லோபஸ். அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2024 ஜனவரியில், சீட்டா 91 வயதில் இறந்திருந்தார்.

கடைசியாக 'தி விசிட்'. ட்யூரென்மட்டின் நாடகத்திலிருந்து கேண்டரும் எப்பும் உருவாக்கியது. ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு என்று வைத்திருந்த வேடம், அவர் விலகியதால் இவருக்கு வந்தது. 2001-இல் சிகாகோ நகரில் முதல் மேடை, பிராட்வே வந்துசேர 2015 ஆனது. நாயகி க்ளேர், ஊரே துரத்திய பெண், பெரும் பணக்காரியாகத் திரும்பிப் பழிதீர்க்கிறாள். அவளுக்கு ஒரு கால் பொய்க்கால். திருகாணி ஏறிய காலோடு 82 வயதுக்காரி பொய்க்கால்காரியாக ஆடினார். டோனியில் அது அவருடைய பத்தாவது பரிந்துரை.

வேடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் செய்தவருக்கே என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழியின் தேர்வில் வேலை வாங்கியவரும், லான்ஸ்பரி விட்ட இடத்தில் நின்றவரும் இதே சீட்டாதான். வேடம் கைமாறுவதால்தான் அவரும் வாழ்ந்தார். கைமாறும்போது போகாத ஒன்று உண்டு. அனிதா என்றால் எப்படி நிற்பாள், வெல்மா என்றால் எவ்வளவு அலட்சியமாகத் திரும்புவாள் என்பதை முதலில் ஒரு உடம்பு கண்டுபிடித்தாக வேண்டும். பிறகு வருகிறவர்கள் அதை ஏற்கலாம், மீறலாம், தெரியாமலே பின்பற்றலாம். பிராட்வேயில் ஆண்டுதோறும் நடனத்துக்குத் தரும் விருதுகள் 2017 முதல் சீட்டா ரிவேராவின் பெயரால் வழங்கப்படுகின்றன. நாயகிகளுக்கு மட்டுமல்ல, ஆட்டக்குழுவுக்கும் அதில் பங்குண்டு. கூட்டத்தில் ஒருத்தியாகத் தொடங்கியவருக்கு, ஆஸ்கரைவிட இது பொருத்தமான கணக்குத் தீர்ப்பு என்பேன்.