விரைவும் வெம்மையும் நினைவும்

பழைய மாணவன் என்ற உரிமைபற்றி விழா மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, விடுதி வாழ்க்கையையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றிய நினைவுகளையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை என்னிலும் சுவைபட எழுதவல்ல நண்பர் பலர் உளர். யானும் நினைவைப் பற்றியே எழுதப் புகுகின்றேன். ஆயின் அஃது என் நினைவன்று, கணினியின் நினைவு. அந்நினைவகத்தை அதற்கு விதிக்கப்பட்ட வேகத்திற்கு மேல் ஓடச் செய்வதும், அவ்வாறு ஓடுங்கால் அது சூடேறித் தான் கொண்டதை மறவாதபடி காப்பதும் இன்று இளைஞர் பலருக்கு ஒரு கலையாகிவிட்டன. ‘ஓவர்குளொக்கிங்’ என்பது அதன் பெயர். முதுமையில் யான் அதனை என் தமக்கையாரின் மகனிடம் கற்றுக்கொண்டேன்.

இக்கலை யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் வீட்டினுள் நுழைந்தது ஆசையினாலன்று, தட்டுப்பாட்டினால். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற ஓர் அமெரிக்க டொலரின் விலை, சில மாதங்களுள் 360 ரூபாவை அண்மியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்ளவே, கணினி உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்திற்கு ஏறிற்று. மருமகன் பொறியியல் மாணவன். கட்டட வரைபடங்களை முப்பரிமாணப் படங்களாக்கிக் கொடுத்துத் தன் படிப்புச் செலவுக்குச் சிறிது தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு விரைவான கணினி வேண்டும், வாங்கவோ வழியில்லை. ஆகவே இருந்த கணினியையே விரைவுபடுத்த முனைந்தான்.

எனக்கு அதே கணினியில் வேறொரு வேலை இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மக்கள் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, என் தாயார் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிச் சென்றார். நகைகளிலும் மேலாக அவர் அதனைப் பேணினார். பாட்டனார் மலாயாவிலிருந்து எழுதிய கடிதங்களும், குடும்பத்தின் பழைய படங்களுமே அதனுள் இருந்தன. மை மங்கிக்கொண்டு வந்தது. தாளின் மடிப்புக்கள் தொட்டால் உதிர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றி, கறைகளை நீக்கிச் சேமிப்பது என் வேலை. சில தாள்கள் இரண்டாம் முறை விரித்தலைத் தாங்கா. ஆதலால் ஏறும்போதே அவை பழுதின்றி ஏறல் வேண்டும்.

கணினியில் நாம் திருத்தும் படம் எதுவாயினும், வட்டிற் பதிவதற்கு முன் நினைவகத்திலே தங்கியே செல்கின்றது. அங்கே அதன் ஒரு கூறு மாறிவிடுமாயின், மாறியதே வட்டிற் பதியும். கணினி நின்றுவிட்டால் பிழையை அறிவோம். நில்லாமல் ஓடிக்கொண்டே பிழையைப் பதிக்குமாயின் அறியும் வழியில்லை. ஆகவே மருமகன் வேகத்தைக் கூட்டப்போவதாகச் சொன்னபோது, அந்நினைவகம் எவ்வாறு நினைக்கின்றது, எவ்வாறு மறக்கின்றது என்பதை அறிந்துகொள்ளாமல் உடன்பட என் மனம் இசையவில்லை.

எமது கல்லூரி ஆய்வுகூடத்திற் பொன்னிலை மின்காட்டியைக் கண்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஏற்றம் பெற்றவுடன் பொன்னிலை விரியும். ஏற்றம் கசியக் கசிய மெல்லத் தாழும். மழைநாட்களிற் காற்றின் ஈரத்தால் விரைவிலே தாழ்ந்துவிடும். கணினியின் நினைவகமும் இத்தகையதே. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இறொபேட் டெனாட் என்னும் அறிஞர், ஒரு திரான்சிற்றரும் ஒரு சிறு கொள்ளளவியும் சேர்ந்தால் ஒரு பிற்றை நினைவிற் கொள்ளலாம் என்று 1966 இற் கண்டு, 1968 இற் காப்புரிமை பெற்றார். 1970 இல் இன்ரெல் நிறுவனம் விற்பனைக்கு விட்ட சில்லில் 1,024 பிற்றுக்கள் அடங்கின. எங்கள் வீட்டுக் கணினியின் 16 கிகாபைற்று நினைவகத்திலோ 13,700 கோடிக்கு மேற்பட்ட கொள்ளளவிகள் உள. ஒவ்வொன்றும் கசிகின்றது. கசிந்து தீருமுன் அதனைப் படித்து, மீண்டும் ஏற்றம் கொடுத்தல் வேண்டும். நான்காந் தலைமுறை நினைவகத்தில் இப்புதுப்பித்தல் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை, அதாவது செக்கனுக்குப் பதினைந்து தடவைக்கு மேல், நிகழ்கின்றது. நினைவகம் நினைப்பதென்பது, மறப்பதற்குச் சற்று முன்னரே மீண்டும் மீண்டும் நினைவூட்டப்படுவதேயாம்.

இக்கசிவை விரைவுபடுத்துவது வெப்பம். 85 பாகை செல்சியசைத் தாண்டினால் புதுப்பிக்கும் இடைவேளையைப் பாதியாக்க வேண்டுமென்பது நியமம். குளிர்ந்தால் இதன் மறுதலை நிகழும். 2008 இல் அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர், நினைவகத்தைப் பூச்சியத்திற்குக் கீழ் 50 பாகையளவிற் குளிரச் செய்து மின்னைத் துண்டித்தனர். பத்து நிமிடம் கழிந்த பின்னும் நூற்றில் ஒரு பங்குதானும் அழியவில்லை. வெம்மையில் மறதி, தண்மையில் நினைவு என்பதே இதன் இயல்பு.

இனி வேகத்திற்கு வருவோம். எங்கள் நினைவகத் தகடுகள் செக்கனுக்கு 3,200 மில்லியன் தடவை தரவைக் கைமாற்றுவன. கேட்டதைக் கொடுக்க 16 துடிப்புக்கள் எடுப்பன. துடிப்பின் மீடிறன் 1,600 மெகாஹேர்ட்ஸ் ஆதலால், அக்காத்திருப்பு 10 நனோசெக்கன். நியமப்படி 1.2 வோல்ற்றில் ஓடவேண்டிய இத்தகையவற்றுக்கு 1.35 வோல்ற்றுக் கொடுத்தே விற்போர் அவ்விரைவைப் பெறுகின்றனர். மருமகன் அதற்கும் மேலே சென்றான்.

“மாமா, வேகத்தை 3,600 ஆக உயர்த்திக் காத்திருப்பை 18 துடிப்பாக விட்டால், கணக்கில் மறுபடியும் அதே 10 நனோசெக்கன்தான். 16 இலேயே வைத்தால் 9 இலும் குறைந்துவிடும். அதற்கு 1.45 வோல்ற்று வேண்டும். புதுப்பிக்கும் இடைவேளையையும் நான்கு மடங்காக நீட்டிவிட்டேன். புதுப்பிக்கும் நேரத்தில் நினைவகம் வேறு வேலை செய்யாது, அந்த நேரமும் மிச்சம்” என்றான்.

“தம்பி, நான்கு மடங்கு நேரம் அது மறவாதிருக்கும் என்பதற்கு என்ன உறுதி?” என்று கேட்டேன்.

“பரிசோதித்துவிட்டேன், மாமா. இரவு முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.”

அவன் சொன்னது உண்மையே. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து ஒப்புநோக்கும் மென்பொருள்கள் உள; அவற்றுட் பழையதாகிய மெம்ரெஸ்ட் 86 என்பது 1994 முதல் வழங்குகின்றது. அதனையே அவன் ஓடவிட்டிருந்தான். ஆயின் அவன் பரிசோதித்தது தை மாதத்து இரவில். வாடைக்காற்று வீசும் காலம். எங்கள் ஊரின் சித்திரை மாதத்து நண்பகலை யான் எண்ணினேன். அடுத்த சித்திரையிலே ஒரு நாள், கதவு யன்னல்களைச் சாத்திய அறையில், பகல் பதினொரு மணிக்கு அதே பரிசோதனையைத் தொடங்குமாறு கேட்டேன். அறையின் வெப்பநிலை 34 பாகை. தகட்டிலமைந்த வெப்பமானி தையிரவிலே 43 காட்டியது. இப்போது 56 காட்டிற்று. ஒன்றரை மணி நேரத்தில் முதலாவது பிழை தோன்றியது. மூன்று மணிக்குள் ஏழு. கணினியோ நிற்கவுமில்லை, முறையிடவுமில்லை. திரையில் ஓர் இலக்கம் மாறியதன்றி வேறு குறியொன்றும் இல்லை.

மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, “இரவிலே கெட்டிக்காரன், பகலிலே மறதிக்காரன்” என்று தன் நினைவகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

குற்றம் நினைவகத்தினதன்று. அதனைச் செய்வோர் வேகத்தை விதிக்கும்போது, மிகப் பலவீனமான கொள்ளளவியும், மிகக் கொடிய வெப்பமும், மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வும் ஒருங்கு கூடினாலும் தவறாதபடி ஒரு காப்பு இடைவெளியை விட்டே விதிக்கின்றனர். வேகத்தைக் கூட்டுவோர் புதிதாக எதனையும் படைப்பதில்லை. அவ்விடைவெளியையே எடுத்துச் செலவிடுகின்றனர். குளிர்நாட்டில் அது நெடுங்காலம் பயன்படாமலே கிடத்தல் கூடும். எங்களுக்கோ ஆண்டுதோறும் சித்திரையில் அது தேவைப்படுகின்றது.

அதன்பின் குளிர்விக்கும் வேலையில் இறங்கினோம். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வெப்பம் அதன் வர்க்கத்திற்கேற்பக் கூடும், மீடிறனுக்கேற்பவும் கூடும். 1.35 இலிருந்து 1.45 வோல்ற்றுக்கும், 3,200 இலிருந்து 3,600 இற்கும் சென்றால், கணக்கின்படி ஏறத்தாழ 30 வீதம் கூடுதலான வெப்பம். தகடுகள் உண்ணும் மின் சில வாற்றுக்களே எனினும், அவை நெருங்கி நிற்பதாலும், அருகிலுள்ள பகுதிகளின் சூடும் சேர்வதாலும் வெப்பம் அங்கே தேங்குகின்றது. பளபளப்பான அலுமினியப் போர்வை அதனைப் பரப்பும். காற்று அசையாவிடின் போக்காது.

இங்கே பலர் ஒன்றை மறக்கின்றனர். விசிறிக் காற்று நமக்குக் குளிர்வது, வியர்வை ஆவியாதலினால். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அவ்வாறே. சிலிக்கனுக்கு வியர்வை இல்லை. எத்துணை விசிறி பூட்டினும், அறைக் காற்றிலும் குளிர்ந்ததாக அதனைச் செய்தல் இயலாது. போட்டிக்காகச் சாதனை நாட்டுவோர், பூச்சியத்திற்குக் கீழ் 196 பாகையிற் கொதிக்கும் திரவ நைதரசனைப் பயன்படுத்துவர். எமக்கு அஃது எதற்கு? 12 சதமமீற்றர் விசிறியொன்றைத் தகடுகளுக்கு நேரே பூட்டினோம். கணினியைச் சுவரோரத்திலிருந்து யன்னலருகே மாற்றினோம். சோழகக் காற்றுக் காலத்தில் உள்ளே படியும் புழுதியை மாதம் ஒருமுறை தூரிகையால் நீக்கினோம். மின்னழுத்தத்தை 1.40 ஆகக் குறைத்து, காத்திருப்பை 18 துடிப்புக்கு விட்டு, புதுப்பிக்கும் இடைவேளையை நியம அளவுக்கே மீட்டோம். மறுநாள் நண்பகலில் வெப்பமானி 46 இல் நின்றது. இருபத்துநான்கு மணி நேரப் பரிசோதனையில் ஒரு பிழையும் இல்லை.

இவ்வளவிற்கும் கிடைத்த ஊதியம் யாது? மருமகனின் ஒரு மணி நேர வேலையில் இரண்டு நிமிடம் குறைந்தது. அவன் அதனையும் வரவேற்றான். மாதம் முழுவதும் இரவு பகலாகக் கணினியை ஓட்டுபவனுக்கு இரண்டு நிமிடங்கள் சேர்ந்து மணிகளாகும் என்றான். அவன் கணக்கு அவனுக்குச் சரியே. படமொன்று பழுதானால் அவன் மீண்டும் செய்துகொள்வான்.

என் கணக்கு வேறு. பிழை செய்வது விரைவுபடுத்திய நினைவகம் மட்டுமன்று. கூகிள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட தகடுகளிற் பிழை நேர்ந்ததைக் காட்டிற்று. அங்கே வெப்பத்தின் பங்கு பலர் எண்ணியதிலும் சிறிதாகவே காணப்பட்டது. காப்பு இடைவெளியைக் குறைக்காது ஓட்டப்படும் கணினிகளுக்கு அதுவே எதிர்பார்க்கத்தக்கது என்பது என் கருத்து. அப்பிழைகளைத் திருத்தும் முறைக்கு அடியிட்டவர் றிச்சாட் ஹமிங். பெல் ஆய்வுகூடத்தில், வாரஇறுதியில் தாம் பொறியிடம் ஒப்படைத்த கணக்குகள் பிழையினால் இடைநின்று போவதைக் கண்டு சலித்த அவர், பிழையைத் தானே கண்டு தானே திருத்தும் குறிமுறையை வகுத்து 1950 இல் வெளியிட்டார். இன்று பெருங்கணினிக் கூடங்களின் நினைவகங்களில் 64 பிற்றுக்களுக்கு 8 பிற்றுக்கள் அவ்வாறு காவல் நிற்கின்றன. நம் வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அக்காவல் இல்லை. காவலற்ற இடத்தில் இடைவெளியேனும் இருத்தல் வேண்டும்.

ஆகவே இருவருக்கும் இசைவான ஓர் ஒழுங்கைச் செய்துகொண்டோம். வேகத்தின் அமைப்புக்களை இரு தொகுதிகளாகச் சேமித்து வைக்கக் கணினி இடந்தருகின்றது. அவன் வேலை செய்யும்போது விரைந்த அமைப்பு. யான் பெட்டியைத் திறக்கும் நாளில், நியமப்படியான 1.2 வோல்ற்று அமைப்பு. அன்றியும், பதிந்த ஒவ்வொரு கடிதத்தின் படத்தையும் இரு வட்டுக்களில் வைத்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா என்று மென்பொருளாற் சரிபார்த்தபின்னரே தாளை மடித்து வைக்கின்றேன். இதுவரை நூற்றுமுப்பது கடிதங்கள் ஏறியுள்ளன.

மாணவத் தம்பியர் சிலர் இக்கட்டுரையைப் படித்துத் தங்கள் கணினிகளை விரைவுபடுத்த விரும்புவராயின், யான் தடுக்கேன். தன் பொறியின் எல்லையைத் தானே அறிய முனைவது நல்ல கல்வி. ஒன்றையே வேண்டுகின்றேன்: பரிசோதனையைச் சித்திரை மாதத்து நண்பகலிற் செய்யுங்கள். அந்நாளில் தவறாதது எந்நாளிலும் உதவும். இழந்தால் மீளப் பெறமுடியாத எதனையும் அதனிடம் ஒப்படைக்குமுன், விரைவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.