அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்!

"இந்த குவார்ட்டரை நம்பித்தான் ஊரே இருக்கு. இதுவும் கைவிட்டுட்டா அவ்வளவுதான்!"

அத்தான் டெலிபோனில் யாரிடமோ இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் அக்காவுக்குப் பிரசவ லேகியம் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. மெதுவாக என்னைக் கூப்பிட்டாள்.

"ஏல, மாப்பிள்ளைக்கு இந்தப் பழக்கம் உண்டுமா? பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுல குவார்ட்டர் குவார்ட்டர்ங்காரு...!"

அம்மாவைச் சமாதானப்படுத்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அது 'க்வார்ட்டர்பேக்'. பாட்டிலில் வருவதில்லை. பத்தொன்பது வயசுப் பையன்!

2024 அக்டோபரில் அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்காக அம்மாவை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஏன் நான்? பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு வேறு வேலை கிடையாது என்பது எங்கள் குடும்பம் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். அக்கா இருப்பது நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகர் லிங்கன். சுதந்திர தேவி சிலை, கோல்டன் கேட் பாலம் என்று கனவு கண்டு போனவனுக்கு, ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்தான்!

அந்தச் சோளத்துக்கு நடுவே ஒரு கோயில் இருக்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியம். 1923-ல் கட்டியது. சுமார் 85,000 பேர் உட்காரலாம். மாட்ச் நடக்கிற சனிக்கிழமைகளில் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் அந்த ஸ்டேடியம்தான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தேன், உண்மைதான். ஒமாஹா, லிங்கன் இரண்டையும் விட்டால் அத்தனை ஜனம் உள்ள ஊரே அங்கே கிடையாது. சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீக் அணி எதுவும் அந்த மாநிலத்துக்கு இல்லை. ஆகவே மொத்த பக்தியும் காலேஜ் பையன்கள் மேல். அணியின் பெயர் 'கார்ன்ஹஸ்கர்ஸ்'. அதாவது, சோளம் உரிப்பவர்கள்!

1962 நவம்பரிலிருந்து அங்கே ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. தொடர்ச்சியாக 400 ஆட்டங்களைத் தாண்டியாயிற்று. ஜெயித்துக்கொண்டே இருந்தால் சரி. ஆனால் நான் போனபோது, முந்தைய ஏழு வருஷங்களும், 2017 தொடங்கி 2023 வரை, வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். கான்ஃபரன்ஸ் பட்டம் கடைசியாக வாங்கியது 1999-ல்!

நான் பி.காம். என்னால் இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. இருபத்தைந்து வருஷமாக டிவிடெண்ட் தராத கம்பெனியின் ஷேரை, வருஷா வருஷம் க்யூவில் நின்று வாங்குகிறார்களே!

விளக்கம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு பாட்டி. எழுபத்தெட்டு வயசு. 1962-ல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போக ஆரம்பித்தவர், இன்னும் நிறுத்தவில்லை. நவம்பர் 23-ம் தேதி விஸ்கான்ஸினோடு ஆட்டம். பேரனுக்கு வர முடியாமல் போக, "நீ வர்றியா?" என்று என்னைக் கேட்டார். அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்பெஷல் பாஸ் கிடைத்த நாஸ்திகனைப் பார்க்கிற பார்வை!

கிளம்புமுன் எனக்கு அவசரப் பாடம் நடத்தினார் அத்தான். ஃபுட்பால் என்று பெயர். காலால் உதைப்பது அபூர்வம். பந்து, பிடி கொழுக்கட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினோரு பேர். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவன்தான் க்வார்ட்டர்பேக். ஜெயித்தால் மாலை அவனுக்கு. தோற்றால் திட்டும் அவனுக்கு. மிச்சம் இருக்கிற திட்டு கோச்சுக்கு!

"அப்ப அவனுக்குப் பந்தை யாரு குடுக்கறது?"

"சென்டர். வரிசைக்கு நடுவுல குனிஞ்சு நிப்பான். காலுக்கு நடுவால பின்னாடி தள்ளிக் குடுப்பான். குடுத்த அடுத்த செகண்டு எதிராளி வந்து மோதுவான். அதை இவன் வாங்கிக்குவான். அவன் பேரை யாரும் கத்த மாட்டாங்க."

அந்த வருஷத்து க்வார்ட்டர்பேக் டிலன் ராயோலா. அவனுடைய அப்பா டாமினிக் ராயோலா இதே நெப்ராஸ்காவுக்கு ஆடியவர்தான். என்னவாக என்கிறீர்கள்? சென்டர்! பையன் முதலில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு வருகிறேன் என்றான். அப்புறம் ஜார்ஜியாவுக்கு என்றான். 2023 டிசம்பரில் கடைசி நிமிஷத்தில் அப்பாவின் காலேஜுக்கே வந்து சேர்ந்தான். ஊர் முழுக்கத் திருவிழா. காப்பாற்ற ஒருத்தன் வந்துவிட்டான்!

சிவப்புக் கோட்டு, சிவப்புத் தொப்பி, சிவப்பு மஃப்ளர் என்று கிளம்பினார் பாட்டி. மேல்மருவத்தூர் பஸ் ஞாபகம் வந்தது எனக்கு. முட்டைக்கோஸும் கொத்துக்கறியும் பொதிந்த 'ரன்ஸா' என்கிற ரொட்டியை வாங்கிக் கையில் திணித்தார். குளிருக்கு அந்தச் சூடு அமிர்தம். இடத்தில் உட்கார்ந்ததும் பாட்டி கோச்சுகளின் கதையை ஆரம்பித்தார். நம்மூர்க் கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து மருமகன்களை வரிசைப்படுத்துவார்களே, அந்த மாதிரி.

மூத்த மருமகன் பாப் டிவேனி. 1962-ல் வந்தார். 1970, 71 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம். அடுத்தவர் டாம் ஆஸ்போர்ன், தங்கமான மருமகன். 1973 முதல் 1997 வரை 25 வருஷம். 255 வெற்றி. எந்த வருஷமும் ஒன்பதுக்குக் குறைந்ததில்லை. அப்படியும் முதல் தேசியப் பட்டம் 1994 சீசனில்தான் கிடைத்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது.

1984 ஜனவரி 2. மயாமியோடு ஆரஞ்ச் பௌல் ஆட்டம். அதுவரை அந்த சீசனில் நெப்ராஸ்காவுக்குத் தோல்வியே கிடையாது. 48 நொடி பாக்கி. ஸ்கோர் 31-30, நெப்ராஸ்கா ஒரு பாயின்ட் பின்னால். சும்மா ஒரு உதை உதைத்தால் ஒரு பாயின்ட், ஆட்டம் டிரா. டிரா ஆனாலே பட்டம் அநேகமாக இவர்களுக்குத்தான். ஆஸ்போர்ன் உதைக்கவில்லை. ஜெயிப்பதற்காக இரண்டு பாயின்ட்டுக்குப் போனார். க்வார்ட்டர்பேக் டர்னர் கில் எறிந்த பந்தை எதிராளி விரலால் தட்டிவிட்டான். போச்சு!

"முட்டாள்தனம் இல்லையா?" என்றேன். டிராவை விட்டவனை எந்த ஆடிட்டரும் மன்னிக்க மாட்டார்.

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்காகத்தான் இன்னும் வந்துட்டிருக்கேன்" என்றார்.

அதற்கப்புறம் வந்த மருமகன்கள் சரியில்லை. ஃப்ராங்க் சோலிச்சை 9 வெற்றி, 3 தோல்வி என்றிருந்த 2003-லேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். போ பெலினி ஏழு வருஷமும் ஒன்பதுக்குக் குறையாமல் ஜெயித்தார். அவரையும் 2014-ல் அனுப்பினார்கள். ஒன்பது போதாதாம்! பிற்பாடு நாலுக்கும் அஞ்சுக்கும் ஏங்கியதுதான் கண்ட பலன்.

ஸ்காட் ஃப்ராஸ்ட் கதைதான் சோகம். 1997-ல் பட்டம் வாங்கித் தந்த க்வார்ட்டர்பேக்கே கோச்சாகத் திரும்பி வந்தார். ஊர்ப் பிள்ளை! ரிசல்ட், 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பர் 11-ம் தேதி நீக்கினார்கள். ஒப்பந்தப்படி நஷ்டஈடு ஒன்றரைக் கோடி டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அதில் பாதிதான். இருபது நாள் பொறுமைக்கு எழுபத்தைந்து லட்சம் டாலர்! என் பி.காம். நெஞ்சு அப்படியே அடைத்துக்கொண்டது.

இப்போது மாட் ரூல். இவர் ஜாதகம் விசேஷம். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் 2 வெற்றி, மூன்றாம் வருஷம் 10. பேய்லரில் முதல் வருஷம் ஒன்றே ஒன்று, மூன்றாம் வருஷம் 11. நெப்ராஸ்காவில் 2024 அவருக்கு இரண்டாம் வருஷம். "அடுத்த வருஷம் மூணாவது" என்று பாட்டி மூன்று விரலைக் காட்டினார். சனிப்பெயர்ச்சி பலன் சொல்கிறவர் மாதிரி!

பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற ஆறு வெற்றி வேண்டும். ஐந்து வெற்றியோடு தொடர்ந்து நாலு தோல்வியில் அணி மாட்டிக்கொண்டிருந்தது. அன்று ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 44-25. நெப்ராஸ்கா ஜெயித்துவிட்டது! ஆறு! எட்டு வருஷத்துக்கப்புறம் ஆறு! பாட்டி கத்தவில்லை. உட்கார்ந்தபடியே கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தோற்றுப் போய்க்கொண்டிருந்த விஸ்கான்ஸின் பையன்களுக்கும் கை தட்டினார்.

நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 85,000 பேருடைய இருபத்தைந்து வருஷ ஆசையும் ஒரு பத்தொன்பது வயசுப் பையன் தோளில். எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் அப்பா ஒரு சாதாரண குமாஸ்தா. எங்கள் வம்சத்தில் ஒரு ஆடிட்டர் வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்தக் கொழுக்கட்டைப் பந்து என் கைக்கு வந்தது. நான் சி.ஏ. பரீட்சையை ஐந்து தடவை எழுதினேன். மே, நவம்பர், மே, நவம்பர், மே. ஐந்து தடவையும் அப்பா ஒரே மாதிரிதான் சொன்னார். "விடுல. அடுத்த தடவை பாத்துக்கலாம்." எனக்கோ அந்த 'அடுத்த தடவை'யைக் கேட்டாலே எரிச்சல் வரும். திட்டினாலாவது பதிலுக்குக் கத்தலாம். நம்பிக்கைக்கு என்ன பதில் சொல்வது? 2014-ல், "இனிமே எழுத மாட்டேன்ப்பா" என்றேன். "சரி" என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

2019-ல் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பரணை ஒழித்தபோது, சுருட்டிக் கட்டிய பழைய மாதக் காலண்டர்கள் கிடைத்தன. பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எதுவோ, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். 2012, 13, 14 சரி. 2015-லும் வட்டம் இருந்தது. 2016-லும் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பாட்டுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்! பரணிலிருந்து இறங்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

டிவிடெண்ட் தராத ஷேரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன் அல்லவா? பதில் எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது. அது ஷேர் இல்லை. பிள்ளை!

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மூன்றாவது வருஷமான 2025-ல் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 5 தோல்வி. நவம்பர் முதல் தேதி ராயோலாவுக்குக் காலில் எலும்பு முறிந்தது. சீசன் முடிந்ததும் காலேஜையே மாற்றிக்கொண்டு ஆரிகனுக்குப் போய்விட்டான். 2021-லிருந்து விளையாட்டுப் பையன்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம், இஷ்டப்படி இடம் மாறலாம் என்று ஆகிவிட்டது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரின் ஆசையைச் சுமப்பது எவ்வளவு கனம் என்று ஐந்து தடவை எழுதியவனுக்குத் தெரியும்.

2026 ஜனவரியில் அத்தானுக்குப் போன் போட்டேன். துக்கம் விசாரிக்கிற குரலில், "பாட்டி எப்படி இருக்காங்க?" என்றேன்.

"அவங்களுக்கென்ன! புதுசா ஒரு க்வார்ட்டர்பேக் வர்றானாம். இந்த வருஷம் பாருன்னு சொல்றாங்க. டிக்கெட்டுக்குப் பணம் கட்டிடுவாங்க."

போனை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினேன். செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டேன்.

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னல அது, பரீட்சையா?"

"ஆமாம்மா. ஆனா இந்தத் தடவை எழுதப் போறது நான் இல்ல!"