பாதி டேங்க்

மீன்பிடித் தடைக்காலம் எங்கள் கரைக்கு 2001இல் வந்தது. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம், விட்டுவையுங்கள் என்றார்கள். பெரியவர்கள் அதற்காகச் சங்கத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். எனக்கு அது பள்ளிக்கூட லீவோடு சேர்ந்து வந்த கொண்டாட்டம். அப்பா போட் மெக்கானிக். மற்ற வீடுகளில் வருமானம் நின்றுபோகிற அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் மீன்குழம்புக்குப் பதிலாகக் கறிக்குழம்பு கொதிக்கும். “வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே” என்று அம்மா எச்சரித்து வைத்திருந்தாள்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடுவையாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் அக்கரைப்பேட்டை. சுனாமிக்கு முந்தைய அந்தக் கோடைகளில் ஆற்றங்கரை முழுக்கப் படகுகள் ஏறி நிற்கும். ஒரு பக்கம் பலகை மாற்றுவார்கள், இன்னொரு பக்கம் இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து நடக்கும். பெயின்ட் அடிக்கிற இடத்தில்தான் பிள்ளைகள் கூட்டம். படகின் பெயரை எழுதுகிறவருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் அங்கே நின்றதில்லை. எனக்கு இன்ஜின் ரூம்.

கடலுக்குப் போகிற படகில் பொம்பளைப் பிள்ளை ஏறக் கூடாது என்று ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நிற்கிற படகுக்கு அது செல்லாது என்று அப்பாவே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். காரணம் என் கை. டீசல் டேங்கின் மேல்தகட்டில் போல்ட் போட்ட ஒரு வட்ட மூடி இருக்கும். அதைக் கழற்றினால் அப்பாவின் கை முழங்கை வரைக்கும்தான் இறங்கும். படகு ஆடும்போது டீசல் மொத்தமாக ஒரு பக்கம் பாயாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். அழுக்கு முழுக்க அந்தத் தகடுகளின் அடிமூலையில்தான் போய் உட்காரும். என் கை தோள்வரை உள்ளே போகும்.

அப்பாவின் வேலை படகு கரையேறுவதற்கு முன்பே தொடங்கிவிடும். நாள் கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கிற தங்கலில் கடைசியானது முடிந்து வந்த படகு தண்ணீரில் நிற்கும்போதே டேங்க் குழாயை அடைத்துவிட்டு, ஒரு கேனில் வடிகட்டிய டீசலோடு கொஞ்சம் இன்ஜின் ஆயிலைக் கலந்து அதிலிருந்து இன்ஜினை ஓடவிடுவார். அந்த ஆயில் கலந்த டீசல் ஃபில்டர், பம்ப், நாசில் எல்லாவற்றுக்குள்ளும் போய்ப் படிந்த பிறகுதான் நிறுத்துவார். மேலே ஏற்றிவிட்டால் குளிர வைக்கத் தண்ணீர் கிடைக்காது, அப்போது ஓட்டினால் இன்ஜின் சூடேறி வேறு கோளாறு வரும்.

பிறகு டேங்கைப் பார்ப்பார். அடியில் இருக்கிற பிளக்கைக் கொஞ்சம் நெகிழ்த்தி, முதலில் வருவதை ஒரு காலி சர்பத் பாட்டிலில் பிடித்து என்னிடம் கொடுப்பார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். மேலே டீசல் பொன்னிறத்தில் நிற்கும். அடியில் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம் ஆடிக்கொண்டிருக்கும். அப்பா அதைப் பாசி என்பார். அது ஒருவகைப் பூஞ்சை, ஹார்மோகோனிஸ் ரெசினே என்று அதற்குப் பெயர், டீசலையே தின்று வளரும், அது விடுகிற அமிலம் இரும்புத் தகட்டையும் அரிக்கும் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போய்த்தான் படித்தேன். அப்பாவுக்குப் பெயர் தெரியாது. தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

“டேங்கு மூடித்தானே இருக்கு, தண்ணி எங்கேருந்துப்பா வருது?” என்று கேட்டேன். டேங்குக்கு மூச்சுக்குழாய் உண்டு, அதைக் காட்டினார். டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போயாக வேண்டும். பகல் வெயிலில் டேங்குக்குள் இருக்கிற காற்று விரிந்து வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் ஈரமான கடல் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகட்டில் வேர்த்து, வழிந்து, டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கிவிடும். தினமும் ஓடுகிற படகில் இது பெரிதாகத் தெரியாது. மாதக் கணக்கில் அசையாமல் நிற்கிற படகில் ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

“ஒண்ணு நெறைஞ்சு கெடக்கணும், இல்ல காஞ்சு கெடக்கணும். பாதி டேங்கு மட்டும் ஆகாது” என்பார். நிறைந்த டேங்கில் வேர்ப்பதற்குக் காற்றுக்கு இடமில்லை. அப்படியும் வாய்வரை நிரப்ப விடமாட்டார். மே மாத வெயிலில் டீசல் பெருகி மூச்சுக்குழாய் வழியாக ஆற்றில் கொட்டும். ஆனால் டேங்கை நிறைத்து வைக்க யாரிடம் காசு இருந்தது? வருமானம் இல்லாத காலத்தில் அவ்வளவு பணத்தை டீசலாகப் போட்டு முடக்க எந்த ஓனருக்கும் மனசு வராது. ராத்திரியில் டியூப் போட்டு உறிஞ்சிக்கொண்டு போகிறவர்களும் இருந்தார்கள். படகை மேலே இழுக்கும்போது பாரமும் கூடும். அதனால் எங்கள் கரையில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான்.

காயவைப்பது என்றால் சும்மா வடித்துவிடுவது இல்லை. டீசலைப் பேரலுக்கு மாற்றி, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகு என்னைக் கூப்பிடுவார். முதலில் பழைய வேட்டித்துணியால் துடைக்க வேண்டும். வேஸ்ட் பஞ்சைத் தொட விடமாட்டார், அதன் நூல் பிரிந்து போய் ஃபில்டரை அடைக்கும். அதன் பிறகு மைதா. அம்மா காலையிலேயே கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணியில் சுற்றித் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவாள். ஒரு உருண்டையை எடுத்து மூலையில் வைத்து அழுத்தித் தூக்கினால் கண்ணுக்குத் தெரியாத துரு, மணல், இரும்புப் பொடி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளையாகப் போன உருண்டை கரியாக வெளியே வரும். உருண்டை வெள்ளையாகவே திரும்பி வருகிறவரை விடமாட்டார். துணி தள்ளிவிடுகிற அழுக்கை மாவு தூக்கிவிடும். இதைவிட நல்ல முறையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. மைதா தீர்ந்துபோகிறதே என்று அம்மா முனகுவாள். பரோட்டா கேட்டால் மட்டும் வீட்டில் மாவு இருக்காது.

கடைசியில் உட்புறத் தகடு முழுக்க இன்ஜின் ஆயிலை மெல்லிசாகத் தடவி மூடிவிடுவோம். கழற்றிய பைப் வாய்களுக்குப் பிளாஸ்டிக் மூடி, மூச்சுக்குழாய் வாய்க்கு மெல்லிய துணிக்கட்டு. அந்தத் துணிக்கட்டு எதற்கு என்று எனக்குப் புரிய ஒரு குளவி தேவைப்பட்டது. கட்டாமல் விட்ட ஒரு படகின் மூச்சுக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கடலுக்குப் போன சிறிது நேரத்தில் இன்ஜின் இழுத்து இழுத்து நின்றுவிட்டதாம். யாரோ டேங்க் மூடியைத் திறக்க, காற்று ‘உஸ்’ஸென்று உள்ளே பாய, இன்ஜின் மறுபடி ஓடியிருக்கிறது.

பாதி டேங்க் விட்டவருக்கு அவ்வளவு லேசில் முடியவில்லை. அப்பா சொல்லத்தான் செய்தார். “எடுத்துட்டு நான் எங்கண்ணே வச்சிக்கிறது?” என்று கேட்டார் அந்த ஓனர். நியாயமான கேள்விதான், அவர் வீட்டில் அதற்கு இடம் கிடையாது. தடை முடிந்து எல்லாப் படகும் கிளம்பிய முதல் நாள். கரையோரம் தாண்டி அலையில் ஆடியதும் அடியில் கிடந்ததெல்லாம் கலங்கி ஃபில்டர் அடைத்தது. மாற்றினார்கள், திரும்ப அடைத்தது. கையிருப்பு தீர்ந்ததும் பழைய ஃபில்டரையே கழுவிப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அதற்குள் தண்ணீர் பம்ப் வரை போய்விட்டது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. நல்ல விலை போகிற முதல் தங்கல் அவருக்கு அப்படிப் போயிற்று.

பம்பைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மைக்கோ பம்ப். பெங்களூரில் அதைச் செய்த கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் வாயில் இன்னும் மைக்கோதான். அதன் பிளஞ்சர் என் சுண்டுவிரலைவிடச் சின்னது, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அதற்கும் அது ஓடுகிற உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அதற்கு எண்ணெயும் டீசலே. அந்தப் பளபளப்பில், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி, காவி நிறத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான் துரு. மொத்தப் பம்பும் போய்விட்டது. அப்பா அவரிடம், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கூலியைத் தவணையில் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பிடித்த வேலை தடை முடிகிற வாரத்தில் வரும். புது ஃபில்டர் மாட்டி, புது டீசல் ஊற்றி, ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டரின் தலையில் உள்ள ஸ்க்ரூவை அப்பா நெகிழ்த்திப் பிடிக்க, நான் கைப்பம்பை அடிப்பேன். முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழியில்லாத டீசல் நூல்போல வழியும். “போதும் பாப்பா” என்று முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். நாசில் நட்டு வரை எடுத்து முடித்து ஸ்டார்ட் செய்தால், கறுப்பாக ஒருதரம் இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தாலும், முதல் தங்கலுக்குக் கூடுதலாக இரண்டு ஃபில்டர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

2017 முதல் தடைக்காலம் 61 நாளாகிவிட்டது, ஜூன் 14 வரை. டேங்க் வேர்ப்பதற்கு 16 ராத்திரி கூடுதல். படகு வைத்திருக்கிறவர்கள் ஏப்ரல் 14க்குள் அடி பிளக்கைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். காசிருந்தால் டேங்கை நிறைத்துவிடுங்கள், இல்லையென்றால் சொட்டு மிச்சமில்லாமல் காயவையுங்கள். மூச்சுக்குழாயில் துணி கட்ட மறக்காதீர்கள்.