திங்கட்கிழமை எங்கே?

சேக்காட்டில் ஒரு டீக்கடை. இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் மின்ரயில் நின்று கிளம்பியதும் கூட்டம் வந்து மோதுகிறது. அது கலைந்த பிறகுதான் பெஞ்சுக்காரர்களின் பேச்சு காதில் விழுகிறது.

பெரியவர் ஆவடி டாங்க் ஃபேக்டரியான எச்.வி.எஃப்.ல் ஓய்வு பெற்றவர். பக்கத்தில் ஒரு பையன். பி.காம். முடித்தவன். காலடியில் சாப்பாடு டெலிவரி பை, மடியில் குரூப் 4 கைடு.

"அம்மா எச்.வி.எஃப்.ல அப்ரண்டிஸ் போடுன்றாங்க. மாமா, பட்டாபிராம்லயே டைடல் பார்க் வந்துடுச்சு, கம்ப்யூட்டர் படின்றாரு. எது சார் நிரந்தரம்?"

பட்டாபிராமில் அந்த 21 மாடி 2024 நவம்பரில்தான் திறந்தது. டாங்க் ஃபேக்டரிக்கு வயது அறுபதுக்கு மேல். 1965-லேயே விஜயந்தா டாங்க் அங்கிருந்து வெளியே வந்துவிட்டது. பெரியவர் இரண்டையும் பற்றிப் பேசவில்லை. டீயை ஆற்றுகிறார்.

"நான் சேந்தப்ப அது சர்க்கார் ஃபேக்டரி. அதுக்காகவே பொண்ணு குடுத்தாங்க. 2021 அக்டோபர் 1, அது கம்பெனி ஆயிடுச்சு. அதே கேட்டு, அதே மெஷினு. ஆனா ராத்திரி தூக்கம் வரல தம்பி. அம்பத்தெட்டு வயசுல!"

பையன் நிமிர்ந்து பார்க்கிறான். இதுவரை அவனுக்கு வாய்த்தவர்கள் எல்லாருமே வழி தெரிந்தவர்கள்.

"போன குரூப் 4-க்கு எவ்ளோ இடம் போட்டாங்க?"

"2025-லயா? மொதல்ல 3,935 சார். எழுதினது பத்து லட்சத்துக்கும் மேல."

"எழுதாதன்னு சொல்லல. இன்னும் எத்தனை தடவை எழுதுவ? அதை இப்பவே முடிவு பண்ணு."

பையன் டீ கிளாஸின் விளிம்பை விரலால் சுற்றுகிறான். "ரெண்டு."

"எழுது."

கைடின் பின்னட்டையில் 2 என்று எழுதுகிறான். அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"வர்ற திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு எங்க இருப்ப?"

பதில் இல்லை. இத்தனை நேரம் பத்து வருடத்துக்கு அப்பால் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, மூன்று நாளில் வரும் காலை தெரியவில்லை.

"லைப்ரரி... ஒரு மணி வரைக்கும். அப்புறம் வண்டி. அப்ரண்டிஸ் நோட்டிஸ் வந்தா அதுக்கும் போட்டு வைக்கிறேன்."

"அதையும் எழுது."

போன் அடிக்கிறது. ஆர்டர். பையை மாட்டிக்கொண்டு எழுகிறான்.

"திங்கட்கிழமை வந்து பாக்கவா சார்?"

"வேணாம். அன்னிக்குப் பத்து மணிக்கு நீ லைப்ரரில இல்ல இருக்கணும்? செவ்வாக்கிழமை வா."