குதிரையும் சேணமும்

சென்ற வாரம் என் பேரன் நீளமான கிதார் ஒன்றைக் கொண்டுவந்து என் எழுத்து மேஜைமேல் கிடத்தினான். நாலே தந்திகள். 'பேஸ் கிதார்' என்று பெயராம்.

"தாத்தா, உங்ககிட்ட சின்ன வட்ட அரம் இருக்கா?"

இருந்தது. ஆனால் உடனே எடுத்துத் தர எனக்கு மனம் வரவில்லை. எதற்கு என்று விசாரித்தேன். தந்தியைத் தாங்கும் உலோகத் துண்டில் பள்ளம் இல்லையாம்; ஓங்கி மீட்டினால் தந்தி பக்கவாட்டில் நழுவுகிறதாம். அந்தத் துண்டுக்கு 'சேடில்' என்று பெயர். அதாவது, சேணம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பூராவில் தந்தி ஏறிப்போகும் பலகையை நாம் 'குதிரை' என்கிறோம். குதிரை நம்முடையது, சேணம் வெள்ளைக்காரனுடையது!

லியோ பெண்டர் 1951-இல் கலிபோர்னியாவில் செய்து வெளியிட்ட பேஸ் கிதாரில் நாலு தந்திக்கும் இரண்டே சேணங்கள்தாம். 1957-இல்தான் தந்திக்கு ஒன்றாகக் கிடைத்தது. பேரன் இதைச் சொல்லிக்கொண்டே அளவெடுத்தான். தடித்த தந்தி சுமார் 2.7 மில்லிமீட்டர், மெல்லியது 1.1. பள்ளம் குறுகினால் தந்தி உட்காராது. அகன்றால் உள்ளே ஆடும். பள்ளம் பின்பக்கமாகச் சரிந்து, தந்தி புறப்படும் முன்விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தி உலோகத்தில் உராய்ந்து ரீங்கரிக்கும்.

"அது பெரிய தப்பு, தாத்தா!"

அந்த ரீங்காரத்துக்காகத்தானே தம்பூராக்காரர்கள் தவம் கிடக்கிறார்கள்! குதிரையின் முதுகை மெல்லிய வளைவாக இழைத்து, தந்திக்கடியில் நூலைச் செருகி, தொட்டும் தொடாமலும் உராயச் செய்கிறார்கள். அதற்கு ஜீவாளி என்று பெயர்.

பத்து வயதில் அம்மாவின் தம்பூராக் குதிரையில் நான் அரம் போட்டேன். நாதம் இன்னும் கூடட்டும் என்ற நல்லெண்ணம்தான். நாலைந்து இழுப்பு; உயிர் போய்விட்டது. அம்மா திட்டவில்லை. நூலை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு உறையைப் போட்டு மூலையில் சாத்திவிட்டாள். ஆசாரியிடம் கொண்டுபோகப் பணம் இல்லை. சில நாள் தம்பூரா இல்லாமல் பாடினாள். பிறகு அதுவும் நின்றது.

அரத்தை எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டு இழுப்பு இழு, தந்தியை வெச்சுப் பாரு. அப்புறம் ரெண்டு. தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாதுடா."

"ஆழமாப் போனா திருகாணியைத் திருகி உயர்த்திக்கலாம், தாத்தா. கெட்டே போனா வேற வாங்கிக்கலாம்."

வாங்கிக்கொள்ளலாம்தான். இருந்தாலும் அவன் வேலையை முடிக்கும் வரையில் நான் மேஜையை விட்டு நகரவில்லை.