‘அந்த ஆளு மட்டும் நம்ம பக்கம் ஆடியிருந்தா...’

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வந்து மேற்கே திரும்பினால் செமிலிங். அதைத் தாண்டினால் மெர்போக். வலப்பக்கம் 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை. இடப்பக்கம் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஓடும் மெர்போக் ஆறு. வார இறுதியில் இங்கே வரும் நம் குடும்பங்கள் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்து, புக்கிட் பத்து பகாட் சண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம்.

அடுத்த முறை வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏதாவது ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, அறுபதை நெருங்கும் ஒருவரிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள்: ஃபாண்டி அஹ்மாட்.

நான் சொல்லிப் பார்த்தேன். இளவயதில் பால்மரம் வெட்டிய பெரியவர் அவர். தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

“அந்த ஆளு பேரை ஏன் தம்பி காலையிலேயே சொல்றீங்க? கெடாவை எத்தனை தடவை அழ வச்சிருக்கான் தெரியுமா?”

எண்ணிப் பார்த்தால் நான்கு தடவை. 1987இல் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கெடா கோலாலம்பூரிடம் 1-0 என்று தோற்றது. 1988இல் அதே கோலாலம்பூரிடம் 3-0. 1989இல் மறுபடியும் அதே அணியிடம் 3-1. மூன்று ஆண்டுகளும் கோலாலம்பூரின் நட்சத்திரம், சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபாண்டி. அதற்கு முன்பே அவர் நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்கு ஆடியவர். 1983இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி ஒன்றில் இத்தாலியின் இண்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டவர். 1990இல் கெடா ஒருவழியாகச் சிங்கப்பூரை 3-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தால், 1992இல் பகாங் அணி இறுதியில் கெடாவை 1-0 என்று வீழ்த்தியது. அந்த ஆண்டு பகாங் சட்டையில் இருந்தவர் யார்? அதே ஃபாண்டி!

“கிராணி வீட்டு டிவியிலதான் பார்ப்போம். உள்ளே இடம் இருக்காது. சன்னலுக்கு வெளியே நின்னு எட்டிப் பார்ப்போம். பந்து அவன் காலுக்குப் போனாலே வயித்தைக் கலக்கும்” என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு குரல் இறங்கியது. “ஆனா என்ன ஆட்டம் தம்பி அது! அந்த ஆளு மட்டும் நம்ம பக்கம் ஆடியிருந்தா...”

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. எதிரணி நட்சத்திரத்தின் மேல் ரசிகனுக்கு ஏன் அத்தனை கோபம் என்பதற்கான பதில் அந்தப் பாதி வாக்கியத்திலேயே இருக்கிறது. சுமாராக ஆடுபவனை யாரும் வெறுப்பதில்லை. அவன் பெயர்கூட நினைவில் நிற்காது. நம்மை மீண்டும் மீண்டும் வீழ்த்துகிறவன், நமக்குக் கிடைக்காமல் போனவன், அவன் மேல்தான் கோபம். பாதி பயம், பாதி ஆசை.

வானொலியில் வேலை பார்ப்பதால் மனிதர்கள் பேசும்போது சொற்களைக் கவனிப்பது எனக்குப் பழக்கம். கெடா ஜெயித்த கதையைச் சொல்லும்போது பெரியவர், “நாம ஜெயிச்சோம்” என்றார். தோற்ற கதை வந்தபோது, “நம்ம பசங்க கோட்டை விட்டுட்டானுங்க” என்றார். இதை 1976இலேயே ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் ஆராய்ந்திருக்கிறார்கள். தங்கள் பல்கலைக்கழக அணி வென்றால் மாணவர்கள் ‘நாங்கள்’ என்றும், தோற்றால் ‘அவர்கள்’ என்றும் பேசும் போக்கை அவர்கள் கண்டார்கள். வெற்றியில் நமக்குப் பங்கு வேண்டும். தோல்விக்கு வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். நம் பையன்களை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? எதிரணி நட்சத்திரம் அதற்கு வசதியாகக் கிடைத்துவிடுகிறார். ‘நாம மோசமில்லை, அந்த ஒருத்தன்தான் காரணம்’ என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கூடைப்பந்திலும் இதே கதைதான். 2010இல் லெப்ரோன் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமி போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தபோது, சொந்த ஊர் ரசிகர்கள் சிலர் அவர் பெயர் போட்ட சட்டையைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். 2014இல் திரும்பி வந்தார். 2016இல் அந்த நகரத்துக்கு முதல் என்பிஏ பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். கொளுத்திய ஊரே கொண்டாடியது. மனிதர் அதே மனிதர்தான். மாறியது சட்டை மட்டும்.

சட்டை மாறினால் நாயகனும் மாறுவான் என்பதைப் புரிந்துகொள்ள மெர்போக்கைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இந்தப் பக்கம்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ‘கடாரம் கொண்டான்’ என்று நாம் மார்தட்டுகிறோம். ஆனால் அன்றைக்கு இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவனுக்கு அவன் யார்? எதிரணியின் நட்சத்திரம்! காலம் போகப்போக அந்தக் கோபமும் கரைந்துபோனது. ‘செஜாரா மெலாயு’வில் மலாய் மன்னர் பரம்பரைக்கு மூதாதையாக ஒரு ‘ராஜா சூலான்’ வருகிறார். அந்தப் பெயரில் சோழர் நினைவு ஒளிந்திருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். படையெடுத்து வந்தவன் கதையில் பாட்டனாகிவிட்டான்.

கெடா ரசிகர்களுக்கும் கொண்டாட்டக் காலம் இருந்தது. 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அஸ்ராய் கோர் பயிற்சியில் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றும் வீட்டுக்கு வந்தன. 2016இல் சிலாங்கூரைப் பெனால்டியில் வென்று மீண்டும் மலேசியக் கிண்ணம். அடுத்து வந்த தலைமுறைக்குப் புதிய எதிரி ஜொகூர் டாருல் தக்சிம். 2017 இறுதியில் 2-0, 2019 இறுதியில் 3-0 என்று கெடாவைத் தோற்கடித்த அணி. பெரியவர் ஃபாண்டியைத் திட்டியது போல, பக்கத்து மேசையில் இருந்த அவர் மகன் ஜொகூர்க்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினார்.

இப்போது அந்தச் சுகமும் இல்லை. சம்பளப் பாக்கி பிரச்சினையில் சிக்கிய கெடா டாருல் அமான் அணிக்கு 2025-26 பருவத்தில் ஆட உரிமம் கிடைக்கவில்லை. சூப்பர் லீக்கில் பச்சை மஞ்சள் சட்டையைக் காணோம்.

“இப்ப மேட்ச் பார்க்கிறீங்களாண்ணே?” என்று மகனைக் கேட்டேன்.

“எப்பவாவது பார்ப்பேன். ஜொகூர் ஜெயிக்குது. ஜெயிச்சுட்டுப் போகட்டும்” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. பெரியவரின் திட்டைவிட இதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எதிரியைத் திட்டவும் நமக்கென்று ஓர் அணி வேண்டும். அது ஆடாமல் போனால் பாசமும் கோபமும் சேர்ந்தே காய்ந்துபோகின்றன.

தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. லயங்களில் இருந்தவர்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 1987ஐயும் 1992ஐயும் நேற்று நடந்தது போலச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இங்கே காப்பிக் கடைகளில் இருக்கிறார்கள். மெர்போக் வந்தால் பிள்ளைகளுக்குச் சண்டியைக் காட்டிய கையோடு, அந்தப் பெரியவர்களிடமும் கூட்டிப் போங்கள். பேச்சைத் தொடங்க ஃபாண்டி பெயர் போதும். முதல் ஐந்து நிமிடம் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.